தளம் போடும் முன் தண்ணீருக்கு வழி: வாசகர் கேள்வி – பதில்

தாமே முன்னின்று வீடு கட்டுபவர்களிடமிருந்து தரைத்தளக் கான்கிரீட், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மூன்றும் ஒரே மட்டக் கணக்கில் அடங்கியவை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை யோசித்தால் புதுத் தளத்தை உடைக்க நேரும். இங்கே தரும் அளவுகள் கெட்டியான மண்ணில், ஓரங்களில் பீம்போலத் தடித்து நேரடியாகத் தரையில் உட்காரும் ஒரு மாடி வீட்டுத் தளத்துக்கானவை. நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணாக இருந்தால், மண்ணைச் சோதித்துப் பொறியாளர் போடும் கணக்குதான் செல்லும்.

கேள்வி: கழிவுநீர் சேம்பர் மனையின் பின்கோடியில் இருக்கிறது. கழிப்பறையிலிருந்து குழாய் ஓட்டம் 18 மீட்டர் வருகிறது. "முதலில் தளத்தைப் போடுவோம், குழாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மேஸ்திரி. தளத்தின் உயரத்தை எப்படி முடிவு செய்வது?

பதில்: தளத்திலிருந்து சேம்பருக்குக் கணக்குப் போடக் கூடாது. சேம்பரில், அதாவது கழிவுக்குழாய்கள் வந்து சேரும் மூடியுள்ள தொட்டியில், தொடங்கி வீட்டை நோக்கி வர வேண்டும்.

சேம்பருக்குள் உங்கள் குழாய் வந்து சேரும் இடத்தில் அதன் உள் அடிமட்டம் தரைக்கு எவ்வளவு கீழே இருக்கும் என்று அளந்துகொள்ளுங்கள். 500 மி.மீ. என்று வைப்போம். 110 மி.மீ. கழிவுக்குழாய்க்கு 40க்கு 1 வாட்டம் (சரிவு), அதாவது மீட்டருக்கு 25 மி.மீ., நல்லது. 18 மீட்டருக்கு 450 மி.மீ. ஏற்றம். ஆகவே கழிப்பறைக்கு அடியில் குழாயின் உள் அடிமட்டம் தரைக்கு 50 மி.மீ. கீழே நிற்கும். அதற்கு மேலே குழாயின் விட்டம், அதன்மேல் ஜல்லி, மணல், 125 மி.மீ. கான்கிரீட், வளைவுக்கான இடம் எல்லாம் சேர்ந்து சுமார் 450 மி.மீ. தேவை. ஆக, தளத்தின் மேல்மட்டம் தரையிலிருந்து குறைந்தது 400 மி.மீ. உயரத்தில் இருந்தாக வேண்டும். நடுவில் சேம்பர் கட்டினால் ஒவ்வொன்றிலும் 20 மி.மீ. இறக்கம் போகும். இரண்டு சேம்பர் என்றால் 440. தளத்தை 450 மி.மீ. உயரத்தில் வைத்தால் எல்லாம் அடங்கும்.

60க்கு 1 வாட்டமும் வேலை செய்யும். 18 மீட்டருக்கு 300 மி.மீ. போதும். ஆனால் வாட்டம் குறையக் குறையப் பிழைக்கு இடமில்லை. 3 மீட்டர் குழாயில் நடுவே 10 மி.மீ. தொய்ந்தாலும் அங்கே கழிவு தங்கும். கையால் வேலை செய்பவர்களுக்கு 40க்கு 1 தான் எங்கள் சிபாரிசு.

இன்னொரு அளவுகோல் மழை. தளத்தின் மேல்மட்டம் வெளியே முடிவான தரைமட்டத்தைவிடக் குறைந்தது 150 மி.மீ. மேலே இருக்க வேண்டும். வெள்ளம் நின்ற இடமானால், நின்ற மட்டத்துக்கும் மேலே. குழாய்க் கணக்கு, மழைக் கணக்கு இரண்டில் எது கூடுதலோ அதுவே உங்கள் தளமட்டம். சேம்பர் மிக மேலே இருந்து கணக்கு ஒத்துவராவிட்டால் வாட்டத்தைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள். தளத்தை உயர்த்துங்கள், அல்லது கழிவுநீர் பம்ப் வைக்க இடம் ஒதுக்குங்கள்.

மட்டம் எடுக்க டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய், போதும். தொடங்குமுன் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துத் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது. கட்டடம் முடியும்வரை அசையாத ஒரு கல்லில் மட்டக்குறி வைத்து, எல்லா அளவையும் அதிலிருந்தே எடுங்கள்.

கேள்வி: உள்ளே 500 மி.மீ. மண் நிரப்பி, இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்தோம். அதன்மேல் கான்கிரீட் போடலாமா?

பதில்: நிரப்பியது சுத்தமான மணலாக இருந்தால் தண்ணீர் ஓரளவு இறுக்கியிருக்கும். களி கலந்த மண்ணாக இருந்தால் தண்ணீர் அதைச் சேறாக்கியிருக்குமே தவிர இறுக்கியிருக்காது. காய்ந்ததும் சுருங்கித் தளத்துக்கு அடியில் வெற்றிடம் விடும். 10 மி.மீ. கம்பி ஒன்றை உடல் எடையைக் கொடுத்து அழுத்திப் பாருங்கள். தாராளமாக இறங்கினால் அள்ளிவிட்டு மறுபடி நிரப்புங்கள். கசப்பான வேலைதான், ஆனால் செய்தாக வேண்டும்.

முறை இது: புல், வேர் உள்ள மேல்மண்ணை 150 முதல் 200 மி.மீ. வரை முழுதும் நீக்குங்கள். நிரப்பும் மண்ணை உதிரியாக 200 மி.மீ. பரப்பினால் இறுகி 150 ஆகும். அதற்கு மேல் தடிமனாகப் பரப்பினால், மண்ணை இடித்து இறுக்கும் திமிசின் அடி கீழே எட்டாது. மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அந்தப் பதம்தான் இறுகும். பிளேட் காம்பாக்டரை (தகடு அதிர்ந்து மண்ணை இறுக்கும் இயந்திரம்) நெடுக்காகவும் குறுக்காகவும், இனி இறங்கவில்லை என்று தெரியும்வரை ஓட்டுங்கள். மரத்துண்டு, சாக்கு, செடிவேர் எதுவும் உள்ளே போகக் கூடாது. அவை மக்கினால் பள்ளம், மக்குமுன் கரையானுக்கு உணவு. நிரப்பு 600 மி.மீ.க்கு மேல் போனால் மண்ணை நம்பும் தளம் வேண்டாம். பீம்களில் தாங்கும் தளமாக வடிவமைக்கச் சொல்லுங்கள்.

குழாய்ப் பள்ளங்களைத் தனியாகக் கவனியுங்கள். மற்ற இடமெல்லாம் இறுக்கிவிட்டுப் பள்ளத்தை மட்டும் மண்வெட்டியால் மூடிவிடுவது வழக்கமாக நடக்கிறது. தளத்தில் நீளவாக்கில் வரும் பல விரிசல்கள் குழாய் போன பாதையை அப்படியே காட்டும்.

கேள்வி: பிளாஸ்டிக் தாள் ஜல்லிக்குக் கீழா, மேலா? தண்ணீர் இறங்குவதற்காக அதில் ஓட்டை போட வேண்டும் என்கிறார்களே?

பதில்: மேலே. ஓட்டை கூடாது.

மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும். 100 முதல் 150 மி.மீ. வரை போட்டு இறுக்கிய ஜல்லிப் படுகையில் இடைவெளிகள் பெரிதாக இருப்பதால் நீராக ஏறுவது அங்கே அறுந்துவிடும். ஆவியாக ஏறுவதைத் தாள் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் தரை உலர்ந்திருக்கும். ஜல்லியின் முனை தாளைக் கிழிக்காமல் இருக்க 50 மி.மீ. மணல் அல்லது அதே கனத்தில் ஒல்லிக் கான்கிரீட் (சிமென்ட் குறைந்த கலவை) பரப்பி, 250 மைக்ரான் தாளை விரியுங்கள். ஒரு தாள் அடுத்த தாளின்மேல் 300 மி.மீ. ஏறி மூடும்படி போட்டு நாடா ஒட்டுங்கள். குழாய் மேலே வரும் ஒவ்வொரு இடத்திலும் தனித் துண்டு வைத்துச் சுற்றி ஒட்டுங்கள். ஈரம் புகுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

தாள் இருப்பதால் கான்கிரீட்டின் மிகைநீர் கீழே போகாது, மேலே மட்டும்தான் கசியும். ஓட்டை போடும் பழக்கம் இதற்குப் பயந்து வந்தது. கலவையில் தண்ணீரைக் குறைப்பதுதான் சரியான தீர்வு.

கேள்வி: தளத்துக்கு அடியில் போகும் குழாய்களில் என்னென்ன தவறு நடக்கும்? ஓர பீமை எப்படிக் கடப்பது?

பதில்: முதல் தவறு, மட்டம் பிடிக்கக் குழாய்க்கு அடியில் செங்கல் வைப்பது. மேலே எடை ஏறியதும் இரண்டு செங்கலுக்கு நடுவே குழாய் தொய்யும். கல் இல்லாத மணல் அல்லது 10 மி.மீ. சிப்ஸ் 100 மி.மீ. போட்டு, குழாய் முழு நீளத்துக்கும் படியும்படி வையுங்கள். மூட்டு தடித்திருக்கும் இடத்தில் மட்டும் கையால் குழி பறித்துவிடுங்கள். மூட்டின் அகன்ற வாய் எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, 90 டிகிரி வளைவு. கிடையாக ஓடும் குழாயில் அதைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு 45 டிகிரி வளைவுகளை இடையில் சிறு துண்டு வைத்து இணையுங்கள். திசை மாறும் இடம், இரண்டு குழாய் சேரும் இடம் எல்லாம் முடிந்தவரை வீட்டுக்கு வெளியே, சேம்பருக்குள் வரட்டும். சேம்பரின் அடியில் பாதிக்குழாய் வடிவில் வாய்க்கால் வைத்து இருபுறமும் சரிவாகப் பூசினால் கழிவு தேங்காது. ஓட்டத்தின் மேல்முனையில் கூரைக்கு மேல் எழும் காற்றுக்குழாய் கட்டாயம். அது இல்லாவிட்டால் கழிப்பறைத் தண்ணீர் இறங்கும் வேகத்தில் குளியலறை டிராப்பில் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில்) நிற்கும் 50 மி.மீ. தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். பிறகு நாற்றம் வீட்டுக்குள் வரும்.

மூன்றாவது, பீம். முதல் கேள்வியின் கணக்கையே எடுங்கள். ஓர பீம் தளத்தின் மேல்மட்டத்திலிருந்து 450 மி.மீ. ஆழம். கழிப்பறை ஓரத்திலிருந்து 3 மீட்டர் உள்ளே இருந்தால், பீமை அடையும்போது குழாயின் உள் அடிமட்டம் 525 மி.மீ. ஆழத்தில் இருக்கும், மேல்பகுதி 415ல். சரியாகப் பீமின் அடிக்கம்பியில் போய் இடிக்கும். காகிதத்தில் இதைப் பார்க்காதவர்கள் கான்கிரீட் அன்று காலையில் கம்பியை வெட்டுகிறார்கள். குழாய் கடக்கும் இடத்தில் பீமின் அடியை இருபுறமும் அரை மீட்டருக்கு 700 மி.மீ. ஆழம்வரை இறக்கி, அடிக்கம்பியும் வளையங்களும் குழாய்க்குக் கீழாகப் போகும்படி கட்டுங்கள். இந்த மாற்றத்தைப் பொறியாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். 110 மி.மீ. குழாயை 160 மி.மீ. உறைக்குழாய்க்குள் விட்டு, இடைவெளியை மெத்தென்ற பொருளால் அடையுங்கள். கான்கிரீட் குழாயை நேரடியாகப் பிடித்தால், வீடு 5 மி.மீ. இறங்கினாலும் குழாய் அங்கே ஒடியும்.

நான்காவது, அளவு. கழிப்பறைக் கோப்பையை முன்பே வாங்கிவிடுங்கள். சுவரிலிருந்து அதன் துவாரம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்த அளவு பூச்சும் டைலும் முடிந்த சுவரிலிருந்து எடுப்பது, வெறும் செங்கல் சுவரிலிருந்து அல்ல.

மூட்டுகளைப் பசை போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டபின், கீழ்முனையை அடைத்துத் தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் நிற்கும்படி குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். அரை மணி நேரத்தில் குறி இறங்கக் கூடாது. பள்ளத்தை மூடியபின் மறுபடி பாருங்கள். கான்கிரீட் போடும்போதும் தண்ணீரை அப்படியே விட்டுவைத்தால், யாராவது மிதித்து மூட்டு விலகினால் அந்த நிமிடமே தெரியும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எல்லா வாய்களையும் மூடி போட்டு அடையுங்கள். துணியைத் திணிக்காதீர்கள், அது உள்ளே போய்விடும். மூடுமுன் டேப் பிடித்து ஒவ்வொரு குழாயையும் இரண்டு சுவர்களிலிருந்து அளந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 10 மீட்டருக்கு 8 மீட்டர் தளம், 125 மி.மீ. கனம். எவ்வளவு பொருள் வேண்டும்? ஒரே நாளில் முடியுமா?

பதில்: தளம் மட்டும் 10 கன மீட்டர். ஓர பீம் 300 மி.மீ. அகலம், தளத்துக்குக் கீழே 325 மி.மீ. ஆழம், சுற்றிலும் சுமார் 3.4 கன மீட்டர். சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் மொத்தம் 14. உள்சுவர்களுக்கு அடியிலும் பீம் இருந்தால் அதைத் தனியாகக் கூட்டுங்கள். 1 : 1½ : 3 (சிமென்ட் : மணல் : ஜல்லி) கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட். ஆக 112 மூட்டை, மணல் சுமார் 6 கன மீட்டர், முக்கால் அங்குல ஜல்லி சுமார் 12 கன மீட்டர்.

ஒரு மூட்டை மிக்சரில் 112 முறை கலக்க வேண்டும். தடவைக்கு 5 நிமிடம் என்றால் இடைவெளியே இல்லாமல் 9 மணி நேரம் 20 நிமிடம். ஒரு மிக்சரை நம்பி இறங்காதீர்கள். இரண்டு வையுங்கள், அல்லது தயார்நிலைக் கலவை லாரியில் வரவழையுங்கள். எந்த வழியானாலும் அகலத்தில் ஒரு பட்டையாகப் போட்டு முன்னேறுங்கள். போட்ட ஓரம் இறுகுமுன் அடுத்த கலவை வந்து சேர வேண்டும். மிக்சர் நின்றுவிட்டால் கலவையைச் சரிவாக விட்டுவிடாமல், பலகை வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள்; கம்பி பலகையைத் தாண்டிப் போகட்டும். மறுநாள் முகத்தைக் கொத்தி, கழுவி, தொடருங்கள்.

தண்ணீரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தளங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். 50 கிலோ சிமென்டுக்கு மொத்தம் 25 லிட்டர். மணலில் இருக்கும் ஈரமும் இதில் அடக்கம். ஒரு மூட்டைக்கு வரும் 80 கிலோ மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் அதுவே 4 லிட்டர். நீங்கள் ஊற்ற வேண்டியது 21. "ஓடவில்லை" என்று இன்னும் 5 லிட்டர் சேர்த்தால் வலிமை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கலவை இறுக்கமாகத் தெரிந்தால், தண்ணீரைக் கூட்டாமலே அதை இளக்கும் பிளாஸ்டிசைசர் மருந்து சேர்க்கலாம், வைப்ரேட்டரை ஒழுங்காக ஓட்டலாம். ஊசி வைப்ரேட்டரை 400 மி.மீ.க்கு ஒரு தடவை செங்குத்தாக இறக்கி, குமிழி நின்றதும் மெதுவாக எடுங்கள். ஓர பீமையும் குழாயைச் சுற்றியும் தவறவிடாதீர்கள். கலவையை அதனால் தள்ளிக்கொண்டு போகாதீர்கள், ஜல்லி பிரிந்துவிடும்.

கேள்வி: கம்பியைத் தாளின்மேல் படுக்க வைத்துவிட்டு, கான்கிரீட் போடும்போது தூக்கிவிடுகிறார்கள். சரியா?

பதில்: தவறு. தூக்கிய கம்பியை அடுத்த ஆள் மிதித்துத் திரும்பக் கீழே இறக்குவார். மண்ணில் படியும் தளத்தில் ஒற்றை அடுக்குக் கம்பியின் வேலை சுருக்க விரிசலை அகலாமல் பிடிப்பது. விரிசல் தொடங்குவதோ மேலே. 10 மி.மீ. கம்பியை 200 மி.மீ. இடைவெளியில் இருபுறமும் கட்டி, மேல்மட்டத்திலிருந்து 45 மி.மீ. கீழே நிற்கும்படி, 60 மி.மீ. உயரத் தாங்கிகளை மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நீளம் 600 மி.மீ. பீமுக்கு எல்லாப் பக்கமும், கம்பியை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தும் 50 மி.மீ. கவர் பிளாக். செங்கல் துண்டு, மரத்துண்டு வேண்டாம். ஆட்கள் நடக்கப் பலகை போடுங்கள்.

கேள்வி: போட்ட மறுநாளே மேலே கோடுகோடாக விரிசல். பயப்பட வேண்டுமா?

பதில்: முதல் சில மணி நேரத்தில் வரும், ஒன்றுக்கொன்று இணையான, ஆழமில்லாத கோடுகள் காற்றும் வெயிலும் மேற்பரப்பை மிக வேகமாக உலர்த்தியதால் வந்தவை. இறுகுமுன் கண்டால் மணியாசு கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் பலகையால்) மறுபடி தேய்த்து மூடிவிடலாம். விரிசலின் ஒரு பக்கம் மற்றதைவிட உயர்ந்து நின்றால் அடியில் மண் இறங்குகிறது. அதைப் பூசி மறைக்காமல் காரணத்தைத் தேடுங்கள்.

தவிர்க்க வழி: விடியற்காலையில் தொடங்குங்கள். மேலே கசிந்த நீர் மறைந்து, நின்றால் காலடி 5 மி.மீ. பதியும் பதம் வரும்வரை தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்தோ சிமென்ட் தூவியோ தேய்த்தால் மேல்தோல் பின்னாளில் மாவாக உதிரும். இறுகிய 6 முதல் 18 மணி நேரத்துக்குள் இயந்திர வாளால் 30 மி.மீ. ஆழத்துக்குக் கோடு வெட்டுங்கள். உங்கள் தளம் 10 மீட்டருக்கு 8 என்றால் இருபுறமும் மூன்று மூன்றாகப் பிரித்தால் போதும். சுருக்கம் அந்தக் கோடுகளுக்குள் அடங்கும். கம்பி 45 மி.மீ. கீழே இருப்பதால் வாள் அதைத் தொடாது. பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்: சாதாரண சிமென்டுக்கு 7 நாள், சாம்பல் அல்லது கசடு கலந்த சிமென்டுக்கு 10 முதல் 14 நாள். ஒரு நாள் காய்ந்து மறுநாள் நனைவது பயன் தராது.

கேள்வி: வீட்டைச் சுற்றி மழைநீர் வடிகால் தேவையா? அதைக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கவே கூடாது. 100 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் மணிக்கு 5000 லிட்டர் வரும். அவ்வளவும் கழிவுக்குழாயில் போனால், கீழே அடைபடும் நாளில் உங்கள் குளியலறை வழியாகத்தான் திரும்பும்.

முதல் வடிகால் தரையின் சரிவுதான். சுவரிலிருந்து முதல் 3 மீட்டரில் தரை 150 மி.மீ. இறங்கட்டும். மேட்டிலிருந்து நீர் வரும் மனை, ஈரம் வற்றாத மண் என்றால் துளைக்குழாய் வடிகாலும் தேவை. 300 மி.மீ. அகலப் பள்ளம், ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரிப்பு, 50 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 100 மி.மீ. துளைக்குழாய், சுற்றிலும் முக்கால் ஜல்லி, துணியை மேலே மடித்து மூடி அதன்மேல் மண். துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். நிலத்தடி நீர் கீழிருந்து ஏறி வருவது, அப்போதுதான் மட்டம் உயருமுன் குழாய்க்குள் புகும். துணி ஜல்லியைச் சுற்றி வர வேண்டும். குழாயை மட்டும் சுற்றினால் களி படிந்து சீக்கிரம் அடைபடும். வாட்டம் 100க்கு 1, மூலைகளில் கழுவுவதற்கு மேலெழும் குழாய். பள்ளத்தின் அடி, பீமின் வெளி அடி விளிம்பிலிருந்து 45 டிகிரி சாய்வில் இறங்கும் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் பீமைத் தாங்கும் மண்ணையே தோண்டுகிறீர்கள். ஆழம் வேண்டுமானால் பள்ளத்தை வெளியே தள்ளுங்கள்.

கூரை நீரைத் துளைக்குழாயில் விடாதீர்கள். அஸ்திவாரத்துக்கு நீங்களே தண்ணீர் பாய்ச்சுவதாகும். துளையில்லாத தனிக் குழாயில் கொண்டுபோய், வீட்டிலிருந்து 5 மீட்டருக்கு அப்பால் உறிஞ்சுகுழியில் விடுங்கள். அந்த இடத்தில் முதலில் 300 மி.மீ. குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த மண் உறிஞ்சாது. வேறு வடிகால் தேட வேண்டும்.

கேள்வி: சுவர் எப்போது எழுப்பலாம்? டைல் எப்போது?

பதில்: மூன்றாம் நாள் சுவருக்குக் கோடு போடலாம். செங்கல் அடுக்கை ஒரே இடத்தில் குவிக்காமல், ஏழு நாளுக்குப் பின் சுவரைத் தொடங்குங்கள். பாத்தித் தண்ணீர் தேவைப்படும் நாள்வரை மற்ற இடத்தில் நிற்கட்டும். டைலுக்கு முன் ஒரு மீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்துக்கள் தெரிந்தால் இன்னும் காயவில்லை. வாரங்கள் கடந்தும் ஒரே மூலையில் மட்டும் அப்படித் தெரிந்தால், அங்கே குழாய் மேலே வரும் இடத்தை முதலில் சோதியுங்கள்.